குமிழி வாத்தியார்

எங்கள் வீட்டில் அடுப்படி மாமியாருடையது. வரவு செலவு மனைவியுடையது. தொலைக்காட்சி ரிமோட் அவர்கள் இருவருக்கும் பொது. யாரும் உரிமை கோராமல் கிடந்த ஒரே இலாகா, புளிக்க வைப்பது. அதை நான் எடுத்துக்கொண்டேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசாமிக்கு வீட்டில் ஏதாவது ஒரு பாத்திரத்தில் ஏதாவது ஒன்று பொங்கிக்கொண்டிருந்தால்தான் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிற நினைப்பு வரும். காலையில் சாப்பிட உட்கார்ந்து, “நுண்ணுயிரி இல்லேன்னா நாகரிகமே இல்லை” என்று ஆரம்பித்தால், “இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?” என்று பதில் வரும். இலாகாவுக்கு இதுவரை கிடைத்திருக்கும் அங்கீகாரம் அந்த இரண்டு இட்லிதான்.

இலாகாவுக்கு வெளிநாட்டுப் பிரிவு ஒன்றும் உண்டு. மனைவியின் தம்பி இங்கிலாந்தில் இருக்கிறான். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். பதற வேண்டாம், அங்கே அது குற்றமில்லை. 1963 வரை அங்கும் அதற்கு உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மாட்லிங் அதை ரத்து செய்தார். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வழிவிட்டது. நம் பக்கத்தில் சட்டம் எதிர்த்திசையில் வந்தது. 1937-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்து, அந்த அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் உயிரோடிருக்கிறது. அரசாங்கக் கடையில் பீர் வாங்கிக் குடிக்கலாம். வீட்டில் ஒரு குவளை காய்ச்சினால் குற்றம். இந்த முரண்பாட்டை மனைவியிடம் ஒரு மாலை முழுக்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “உள்ள வெச்சாங்கன்னா மத்தியானச் சாப்பாடு வீட்லேர்ந்து குடுத்தனுப்ப விடுவாங்களா?”

ஆகவே பீரைப் பற்றிய என் ஞானம் சுத்தமான ஏட்டறிவு. ஒரு சொட்டுகூடக் காய்ச்சாதவன் என்பதால் என் தீர்ப்புகளில் தயக்கமே இருக்காது. மச்சினன் அங்கிருந்து ராத்திரி நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவேன்.

“மாமா, குமிழி நின்னுடுச்சு.”

பீர் காய்ச்சுகிறவர்களின் வாழ்க்கையில் குமிழிக்குப் பெரிய இடம் உண்டு. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவி மூடுவார்கள். மூடியில் தண்ணீர் நிரம்பிய ஒரு வளைகுழாய். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று விடுகிற கரியமில வாயு அந்தத் தண்ணீர் வழியே ‘பொளக் பொளக்’ என்று வெளியேறும். வெளிக்காற்று உள்ளே நுழையாது. குளிர்காலத்தில் வேலைக்குப் போய்வந்து, சோபாவில் உட்கார்ந்து இந்தப் ‘பொளக்’கைப் பார்த்துக்கொண்டிருப்பது மச்சினனின் பொழுதுபோக்கு. அது நின்றால் அவனுக்குத் தூக்கம் போய்விடும். அவன் தூக்கம் போனால் இங்கே என் தூக்கமும் போகும், நேர வித்தியாசம் அப்படி.

“குமிழி வரலைன்னா புளிக்கலைன்னு அர்த்தமில்லைடா” என்று தொடங்கினேன். இது உண்மை. வாளியின் மூடி சரியாக அழுந்தியிருக்காவிட்டால் வாயு ஓரமாகக் கசிந்து போய்விடும்; உள்ளே வேலை மும்முரமாக நடக்கும், குழாயில் ஒன்றும் தெரியாது. நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை. சர்க்கரை கரைந்த சாறு தண்ணீரைவிட அடர்த்தியானது, 1.050 என்று தொடங்கிய எண், ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கி 1.012 பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள் அங்கேயே அசையாமல் இருந்தால் வேலை முடிந்தது, பாட்டிலில் அடைக்கலாம். நடுவழியில் நின்றால் ஈஸ்ட் படுத்துவிட்டது என்று பொருள். அவனுடையது 1.030-ல் நின்றிருந்தது.

படுத்த ஈஸ்ட்டை எழுப்ப என்னென்ன காரணங்களைத் தேட வேண்டும் என்று அடுக்கினேன். பொட்டலம் பழசாக இருக்கலாம். போதுமான அளவு தூவாமல் இருக்கலாம். ஈஸ்ட் பெருகுவதற்கு ஆரம்பத்தில் மட்டும் ஆக்ஸிஜன் வேண்டும். சாற்றைக் கொதிக்க வைக்கும்போது அதிலிருந்த காற்றெல்லாம் போய்விடும், ஆறிய பிறகு நன்றாகக் குலுக்காமல் விட்டிருக்கலாம். பாஸ்டர் 1876-ல் பீரைப் பற்றி எழுதிய நூலுக்கும், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் 1883-ல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து கலப்பில்லாத கூட்டத்தை வளர்த்தெடுத்ததற்கும் நான் வந்து சேர்வதற்குள் பின்னாலிருந்து மாமியாரின் குரல்.

“டேய், அந்த வாளிய எங்கடா வெச்சிருக்க?”

“மாடிப்படிக்குக் கீழ அலமாரியிலம்மா.”

“அங்க குளிரா?”

பார்த்துச் சொன்னான்: 12 டிகிரி. அவன் வாங்கிய ஈஸ்ட்டுக்கு 18-லிருந்து 22 வேண்டும்.

“மாவு பொங்கலைன்னா என்னா பண்ணுவோம்? கம்பளியில சுத்தி அடுப்பாண்ட வைடா. லேசா ஒரு கலக்கு கலக்கு. அவ்வளவுதான், போய்ப் படு.”

போர்வை சுற்றி, வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அறைக்கு மாற்றினான். மறுநாள் ‘பொளக்’ திரும்பிவிட்டது. “தேங்க்ஸ் மாமா” என்று செய்தி அனுப்பினான். நான் அதைத் திருத்தவில்லை. மாமியார் அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மச்சினன் அனுப்பிவைத்த பீர்க் கோளாறுகள் பற்றிய புத்தகங்களை அதன் பிறகு மறுபடி புரட்டினேன். ஒரு விஷயம் பிடிபட்டது. அவையெல்லாம் குளிரில் நடுங்குகிறவர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை, தொடங்கவில்லையே என்பது. வாளிக்குக் கம்பளி, வாளிக்கு வெந்நீர்த் தொட்டி, வாளிக்கு இடுப்புப் பட்டை மாதிரி ஒரு மின்சார ஹீட்டர். வெயில் கொளுத்தும் ஊருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். அதிலும், குளிர்ச்சியான ஓர் அறைக்கு மாற்றவும் என்று இருக்கும்.

எந்த அறைக்கு? எங்கள் ஊரான பழவேற்காட்டில் சித்திரை மாதம் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் உண்டு, ஏரி. அதுவும் காலை எட்டு மணி வரைக்கும்தான். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. நடுவில் உப்புக் காற்றில் ஊறிக்கொண்டு நாங்கள். இங்கே யாரும் எதையும் புளிக்க வைக்கத் தேவையில்லை. சாயங்காலம் அரைத்த இட்லி மாவு, சீரியல் முடிவதற்குள் மூடியைத் தூக்கிப் பார்க்கும். மத்தியானம் மிஞ்சிய சாம்பார் ராத்திரிக்குள் குமிழி விடும். படகிலிருந்து இறங்கிய இறால் ஐஸ் பார்க்காமல் பத்து மணியைத் தாண்டினால் வியாபாரி மூக்கைச் சுளிப்பார்.

இந்த ஊரின் கைத்திறமையெல்லாம் நிறுத்துவதில் இருக்கிறது. ஐஸ் பெட்டி, கல்லுப்பு, மணலில் விரித்த வெயில். கருவாடு போடுகிற பெண்கள் எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எந்தப் பக்கம் முதலில் காய வேண்டும், மேகம் எந்தப் பக்கம் திரண்டால் அள்ளி உள்ளே வைக்க வேண்டும் என்று அறிந்து வைத்திருப்பது கிருமிகளை மடக்கும் அறிவுதான். அவர்கள் நடுவில், புளிக்க வைப்பதில் நிபுணன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பவன் நான் ஒருவன்தான்.

டச்சுக்காரர்களும் இந்த வெயிலுக்குத் தோற்றவர்கள்தான். அவர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். ஐரோப்பாவிலிருந்து புறப்படும் கப்பலில் பீர்ப் பீப்பாய்கள் இருக்கும். கடல்வெப்பத்தில் அது நாள்படத் தாங்காது என்று தெரிந்து முதல் வாரங்களிலேயே குடித்துத் தீர்ப்பார்கள். அப்புறம் இந்தப் பக்கத்துச் சாராயம்தான். பின்னாளில் ஆங்கிலேயர்கள் புத்திசாலித்தனமாக ஹாப்ஸை அதிகம் போட்டு, சர்க்கரை மிச்சமில்லாமல் நொதிக்க விட்டு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஹாப்ஸின் கசப்பு, புளிப்புக் கிருமிகளுக்கு ஆகாது. அதிலும் திருப்தியில்லாமல், இந்தியாவிலேயே காய்ச்சுவோம் என்று முடிவெடுத்தபோது அவர்கள் போன இடம் கசௌலி, நீலகிரி. ஐஸ் இயந்திரம் பரவாத காலத்தில் பீர் வேண்டுமானால் மலை ஏறியாக வேண்டும். பழவேற்காட்டை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். அந்த வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த ரெண்டு பேரும் கூட உங்கள மாதிரி ஆராய்ச்சி பண்ணவங்களா?” என்றாள்.

பீர் இல்லையென்றால் என்ன, பெயரில் மட்டும் பீர் உள்ள ஒன்றைச் செய்வது என்று தீர்மானித்தேன். இஞ்சி பீர். அதற்கு ஒரு பெரிய மனிதரின் துணையும் கிடைத்தது. ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1880-லிருந்து 1882 வரை இலங்கையில் இருந்தார். காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய வந்தவர். காப்பியைக் காப்பாற்ற முடியவில்லை, தீவு தேயிலைக்கு மாறியது. ஊருக்குத் திரும்பியவர் 1892-ல் இஞ்சி பீரைப் புளிக்க வைக்கும் கட்டி ஒன்றைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் ஒன்றையொன்று விடாமல் பின்னிக்கொண்டு வாழும் கூட்டுக்குடும்பம் அது என்று நிறுவியவர் அவர். நம் கூட்டுக்குடும்பத்தைப் போலவே அங்கும் ஒருவர் சம்பாதிக்கிறார், இன்னொருவர் வழவழவென்று எல்லாரையும் சுற்றிப் பிணைத்து வைத்திருக்கிறார். நான் எந்த வகை என்று மாமியாரைக் கேட்கவில்லை.

அந்தக் கட்டி நமக்குக் கிடைக்காது. ஆனால் இஞ்சித் தோலிலேயே காட்டு ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். தோலோடு துருவி, சர்க்கரை, தண்ணீர் சேர்த்துத் துணியால் மூடி, தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் ஊட்டினால் நுரைக்கத் தொடங்கும். அதை இனிப்பு இஞ்சித் தண்ணீரில் கலந்து பாட்டிலில் அடைத்து, வாயு ஏறியதும் குளிரவைத்துக் குடித்துவிட வேண்டும். நீண்ட நாள் விட்டால் சாராயச் சத்து கூடும். சட்டம் நினைவுக்கு வரும். “யாராவது கேட்டா பானகம்னு சொல்லுங்க” என்று மனைவி முன்கூட்டியே வாக்குமூலம் தயாரித்து வைத்தாள்.

புத்தகம் அஞ்சாறு நாள் என்கிறது. எங்கள் வீட்டில் மறுநாளே நுரை ஜாடி விளிம்பைத் தொட்டது. அந்த வேகத்தைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். வேகம் கூடினால் வாசனை கெடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பீரில் ஈஸ்ட்டைச் சூட்டில் ஓடவிட்டால் வாழைப்பழ வாசம் வரும், இன்னும் சூடேறினால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம், அதோடு மறுநாள் மண்டையைப் பிளக்கும் கன மதுக்கள். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் இன்னும் சில நாள் விட வேண்டும், அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். வெண்ணெய் வாசம் வந்தால் கடைசியில் கொஞ்சம் சூட்டை ஏற்றி வைத்தால் ஈஸ்ட்டே அதை மறுபடி தின்று சரிசெய்துவிடும். ஆஸ்பத்திரி வாசம் வந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரினைச் சந்தேகிக்க வேண்டும். அழுகிய முட்டை வாசம், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானே போய்விடும்.

கோளாறு கண்டுபிடிக்கிற கலையே மூக்கில்தான் இருக்கிறது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எங்கள் தெருவில் அது எப்படிச் செல்லும்? ஜன்னலுக்கு வெளியே நெத்திலி காய்கிறது. இரண்டு வீடு தள்ளி சென்னாக்குன்னி. காற்று திரும்பினால் ஏரிச் சேறு. ஜாடியின் வாயில் மூக்கை வைத்து ஐந்து நிமிடம் நின்றேன். மனதில் பட்ட முடிவு, என் இஞ்சி பீரில் நெத்திலி இருக்கிறது என்பதுதான். மாமியார் ஒரு முறை முகர்ந்து, “இஞ்சி முத்தல். தோலக் கொஞ்சம் சீவியிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூக்கை நான் ஆய்வகத்துக்குப் பரிந்துரைப்பேன்.

தண்ணீர் அடுத்த வில்லங்கம். இங்கே கிணற்றில் இறைத்தால் உவர்க்கும். மீன் கழுவ ஆகும், காப்பிக்கு ஆகாது. கேன் தண்ணீரை வாங்கி ஊற்றினேன். அதில் உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்துவிடுவதால் ஈஸ்ட்டுக்கு வேண்டிய கால்சியம், மெக்னீசியமும் போயிருக்கும். வெள்ளைச் சர்க்கரையில் நைட்ரஜன் சத்தும் கிடையாது. வாற்கோதுமைச் சாற்றில் இதெல்லாம் இயல்பாகவே இருக்கும். இஞ்சித் தண்ணீரில் ஈஸ்ட்டுக்குப் பந்தி போட்டு வெறும் சோறு மட்டும் வைத்த கதை. அடுத்த தடவை சர்க்கரைக்குப் பதில் பனைவெல்லம் போட்டேன். அதில் தாது உப்புகள் நிறைய. ஈஸ்ட் பாராட்டியது. பனைவெல்ல டப்பா காலியானதைக் கண்ட மனைவி பாராட்டவில்லை.

குளிர்ச்சிக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இந்த ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் குப்பங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு உண்டு. இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைப் பாடு தீர்மானிக்கும். முறை இல்லாதவன் அந்தப் பக்கம் போகக் கூடாது. எங்கள் ஃபிரிட்ஜிலும் பாடு முறைதான். மேல்தட்டு மாமியாரின் மாவு, நடுத்தட்டு மனைவியின் மீன், கதவுப் பக்கம் மாத்திரைகள், பேத்தியின் சாக்லேட். என் குப்பத்துக்குப் பாட்டுரிமை கிடையாது. பாட்டில்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்த மர அலமாரியில்தான் குடியேறின. மச்சினன் வீட்டிலும் அதே இடம்தான். அவனுக்கு 12 டிகிரி. எனக்கு 35.

சர்க்கரைக் கணக்கை நான் வகுப்பில் பலமுறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். 4 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு. பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது நுரைப்புக்காக லிட்டருக்குச் சுமார் 6 கிராம்தான் சேர்ப்பார்கள். அதற்கே கணக்குப் பார்த்து எடை போடுவார்கள். இஞ்சி பீரில் அடைக்கும்போதே லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை மிச்சமிருக்கும். அவ்வளவும் நொதித்தால் ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் இருபது லிட்டர் வாயு. அதனால்தான் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல்லாகக் கெட்டித்ததும் குளிரவைக்கச் சொல்வார்கள். எனக்குப் பிளாஸ்டிக் பிடிக்காது. பழச்சாறு வந்த கண்ணாடி பாட்டில்கள் பார்க்க லட்சணமாக இருந்தன.

ஸ்ரீஹரிகோட்டாவில் அன்று ஒரு ராக்கெட் ஏவுதல். அப்படிப்பட்ட நாளில் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஊரே மொட்டை மாடியிலும் கரையிலும் நிற்கும். தெருப் பிள்ளைகளையெல்லாம் எங்கள் மாடியில் கூட்டிவைத்து நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிச்சம் உடனே தெரியும்; சத்தத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து வர ஒன்றரை நிமிடம் பிடிக்கும்; நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். வடக்கே ஆரஞ்சு நிறத்தில் எழும்பியது. “எண்ணுங்க” என்றேன். பிள்ளைகள் எண்ணினார்கள். நாற்பதைத் தாண்டும்போதே ‘டமார்’.

“சீக்கிரமே வந்துடுச்சு சார்” என்றான் ஒருவன்.

“காத்து இந்தப் பக்கம் வீசுது” என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ‘டமார்’.

“சார், சத்தம் கீழேர்ந்து வருது சார்.”

அலமாரிக் கதவு தாழிட்டிருந்ததால் யாருக்கும் கீறல்கூட இல்லை. ராக்கெட்டின் உண்மையான உறுமல் வந்து ஜன்னல் அதிர்ந்தபோது மாடியில் ஒரு பிள்ளை இல்லை; எல்லாரும் மாடிப்படிக்கு அடியில் நின்று இஞ்சி சொட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “மாப்ளே, உங்களுது மேல போச்சா?” என்றார். ‘குமிழி வாத்தியார்’ என்ற பட்டம் அந்த வாரம் தெருவில் நிலைபெற்றது. என்னிடம் படித்துத் தேறாத ஒருவன் அதைச் சூட்டினான் என்று கேள்வி. வேதியியலில் அவனுக்கு இவ்வளவு கவனிப்பு அன்றைக்கு இருந்ததில்லை.

கோடையில் சைக்கிளில் பதநீர் கொண்டுவருபவரிடம் நான் ஆலோசனை கேட்கப் போனது இதற்குப் பிறகு. உலகத்திலேயே மிக வேகமாகப் புளிக்கும் திரவங்களில் ஒன்று அவருடைய கேனில் புளிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பனம்பாளையிலிருந்து சொட்டும்போதே கிருமிகள் அதில் இறங்கிவிடும். விட்டால் சாயங்காலத்துக்குள் கள். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு, காரத்தன்மையைக் கூட்டி அவற்றை முடக்கிப் போடுகிறது. கள்ளைப் புளிக்க வைக்கும் கூட்டத்தில் சைமோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. பீர்த் தொழிற்சாலைக்காரன் அதைக் கண்டால் அலறுவான். அது புகுந்த பீரில் அழுகிய ஆப்பிள் நாற்றம் வரும். கள்ளில் அதுதான் முன்வரிசைத் தொழிலாளி. ஆள் ஒன்றுதான், வேலை பார்க்கிற இடம் மாறினால் குணம் மாறிவிடுகிறது.

“சுண்ணாம்பு எவ்ளோ தடவுவீங்க?”

“தடவுற அளவு தடவுவோம் சார்.”

“கிராம் கணக்குல சொல்லுங்க.”

“கை கணக்குதான் சார். கொறஞ்சா கள்ளாப்பூடும், போலீசு. கூடிச்சுன்னா வாய் வெந்துடும், கஸ்டமரு.”

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஒரு விரல் சுண்ணாம்பில் ஜாமீன் வாங்கி நடமாடும் மனிதர் அவர். நான் பையிலிருந்து அமில காரம் பார்க்கும் தாளை எடுத்து நனைத்துக் காட்டினேன். நிறம் மாறியதை அவர் ஆர்வமாகப் பார்த்தார். “இது இல்லாமலே தெரியும் சார்” என்று தன் நாக்கை நீட்டிக் காட்டினார்.

இஞ்சித் தண்ணீரில் சுண்ணாம்பு போட முடியாது. போட்டால் வெற்றிலை மட்டும்தான் பாக்கி என்று மனைவி சொன்னாள். வெடிக்காமல் இருக்க ஒரே வழி மூடியைத் தளர்த்தி வைப்பது. மிஞ்சிய பாட்டில்களின் மூடிகளையெல்லாம் தளர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அலமாரி அமைதியாக இருந்தது. சில வாரம் கழித்துத் திறந்தபோது மேலே மெல்லிய வெண்படலம், உள்ளே கண்ணைக் கரிக்கும் வாடை. மச்சினனை அழைத்துக் காட்டினேன். இந்தத் தடவை அவன் மருத்துவன், நான் நோயாளி.

“அசிட்டோபாக்டர் மாமா. காத்து உள்ள போச்சுன்னா சாராயத்த அமிலமாக்கிடும். முப்பது டிகிரின்னா அதுக்குக் கொண்டாட்டம். ஒண்ணும் பண்ண முடியாது, கீழ ஊத்திடுங்க.”

“அது எனக்குத் தெரியாதாடா?” என்று போனை வைத்தேன். கீழே ஊற்ற மனம் வரவில்லை, பனைவெல்லம் போட்டதாயிற்றே. பாட்டில்கள் தொட்டிமேடைப் பக்கம் நின்றன.

மனைவி அன்று மடவை மீன் நறுக்கிவிட்டு, கத்தி, பலகை, தொட்டி எல்லாவற்றிலும் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தேய்த்திருக்கிறாள். மீன் வாடை ட்ரைமெத்தில் அமீன் என்ற காரப் பொருளால் வருவது. அமிலம் பட்டால் உப்பாக மாறி ஆவியாகாமல் அடங்கிவிடும். இதைப் பத்துத் தடவையாவது நான் தேர்வில் கேட்டிருப்பேன். அவள் கேள்வித்தாள் இல்லாமலே விடை எழுதிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு டம்ளர் வாங்கிப் போனார். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. அதற்கடுத்து, இறால் தலை கிள்ளுகிற பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று, “குமிழி சார் வூடு இதானே?” என்று கேட்டார்கள்.

ராத்திரி நான் புத்தகத்தை விரித்து, அடுத்த முறை அசிட்டோபாக்டரை எப்படித் தடுப்பது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி காலி பாட்டில்களைக் கழுவிக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

“என்னங்க, தீர்ந்துபோச்சு. நாளைக்கு நாலு பாட்டில் கெடுத்து வைங்க.”